சும்மா கிடந்த தகடு

இருபத்தொன்பதாவது வண்டி எடை மேடையில் ஏறி நின்றபோது கொட்டகையில் இருந்த பதினேழு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். விடுகிற மூச்சும் கணக்கில் சேர்ந்து எடை கூடிவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். முள் இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, அத்தனை பேருடைய உயிரையும் வாங்கிவிட்டு ஒருவழியாக இருநூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

"நாப்பத்தெட்டு!" என்று சூப்பர்வைசர் கத்தினார். பிள்ளை பிறந்த சேதி சொல்வது மாதிரி இருந்தது.

நகரத்து நெரிசலில் ஆபீஸ் போகிறவர்களுக்காகச் செய்த மின்சாரக் கார் அது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஓட்டுபவருக்கு ஒரு சீட், அவருக்குப் பின்னால் இன்னொரு சீட். கதவு கிடையாது. பெரிய முட்டை ஒன்றைப் பக்கவாட்டில் செதுக்கி எடுத்து, கண்ணாடி மாட்டி, சக்கரம் வைத்த தோற்றம். இருநூற்றைம்பது கிலோவுக்குள் இருந்தால் லைசென்ஸ் இல்லாமலே யாரும் ஓட்டலாம் என்பது சட்டம். ஒரு கிலோ கூடினாலும் வாங்க ஆள் வராது.

ஏழு மாதம் அது இருநூற்று ஐம்பத்தொன்பதிலேயே அடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. கால்மிதியைக் கழற்றினார்கள். ரேடியோவைக் கழற்றினார்கள். பெயிண்ட்டில் ஒரு பூச்சைக் குறைத்தார்கள். ஹாரனைச் சின்னதாக்கினார்கள், அடித்தால் கொசுவுக்குச் சளி பிடித்த சத்தம் வந்தது. ஒவ்வொன்றைக் கழற்றியபோதும் இன்ஜினியர்கள் வேறெதையோ சேர்த்தார்கள். கடைசியில் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. ஒன்பது கிலோ குறைக்க வழி சொல்லும் தொழிலாளி, அந்த வழியில் முப்பது வண்டி சோதனையில் தேறிவிட்டால், நிரந்தரம் ஆக்கப்படுவார். கம்பெனி குடியிருப்பில் வீடும் உண்டு.

கண்டுபிடித்தது ஃபிட்டர். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவர். வண்டியின் அடியில், இடதுபக்கம், நான்கு போல்ட்டில் ஒரு இரும்புத் தகடு இருந்தது. பதினொரு கிலோ. அதற்கு ஒரு வயர் போகவில்லை, அதிலிருந்து ஒரு வயர் வரவில்லை. அது எதையும் தாங்கவில்லை, எதுவும் அதைத் தொடவில்லை. வரைபடத்தில் 'தகடு' என்று மட்டும் போட்டிருந்தது. வரைந்த இன்ஜினியர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"இது எதுக்கு சார் இருக்கு?" என்று ஃபிட்டர் கேட்டார்.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "சும்மாதான் கெடக்குது."

"அப்ப கழட்டிரலாமா?"

நான்கு போல்ட். நான்கு நிமிடம். மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஃபிட்டரின் போட்டோ ஏறியது. போட்டோ எடுத்தவர் சிரிக்கச் சொன்னதால் பல்வலிக்காரர் போல முகம் கோணியிருந்தது. கீழே, 'பதினொரு கிலோ குறைத்தவர்'.

தகடு சும்மா கிடக்கவில்லை என்பது முதல் வண்டியிலேயே மலைக்குத் தெரிந்துவிட்டது.

மலை என்பது சோதனை ஓட்டுநருக்குக் கொட்டகை வைத்த பெயர். தொண்ணூற்றெட்டு கிலோ. அவர் உட்கார்ந்தால் நாற்காலி சாமி கும்பிடும் என்பார்கள். பதினோரு வருடமாக அவரும் ஒப்பந்தம்தான். ஃபிட்டருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு ஓடுபாதை. அதில் இடதுபக்க வளைவு ஒன்று உண்டு. நாற்பது வேகத்தில் அந்த வளைவைத் திரும்பி வந்து, சோதனைத் தாளில் 'மூன்று சக்கரமும் தரையில்' என்று அச்சடித்த இடத்துக்கு நேரே டிக் போட வேண்டும்.

அன்று மலை திரும்பி வந்து இறங்கி, ஃபிட்டரைத் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளே, உன் வண்டி கம்பத்தப் பாத்த நாய் மாதிரி காலத் தூக்குதுடா."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"இடது பின்சக்கரம். வளைவுல ஒரு சாண் எந்திரிக்குது. மோட்டார், சார்ஜர் எல்லாம் வலது பக்கம் இருக்குல்ல. அந்தத் தகடுதான் இந்தப் பக்கம் புடிச்சு உக்கார வச்சிருக்கு போல."

ஃபிட்டருடைய முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ அவசர வேலையாகக் கிளம்பிப் போனது. "அப்ப தாள்ல அப்படியே எழுதிருங்க மச்சான்."

மலை அவரை மேலும் கீழும் பார்த்தார். "எழுதிட்டு? என் தங்கச்சி இன்னும் ஒம்பது வருஷம் ஒழுகுற வீட்டுல பக்கெட் வச்சுக்கிட்டு உக்காரணுமா? நீ பேசாம இரு. நான் பெல்ட்டக் கழட்டிட்டு இடது பக்கமா சாஞ்சா போதும், கம்முனு உக்காந்துக்குது. தொண்ணூத்தெட்டு கிலோவ எதுக்கு வளத்து வச்சிருக்கேன்? முப்பது வண்டிதான். நீ பர்மனெண்ட் ஆன பெறகு மெதுவா யார் காதுலயாவது போட்டு, தகட்ட மாட்டிடலாம்."

"தப்பில்லையா மச்சான்?"

"தப்புதான். சாயறது நான்தானே, உனக்கென்ன வலிக்குது?"

அப்படித்தான் இருபத்தொன்பது வண்டிகள் தேறின. ஒவ்வொரு முறையும் மலை வளைவில் இடதுபக்கம் சரிந்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தரையில் விழுந்த காசைப் பொறுக்கப் போகிறவர் போலத் திரும்பினார். கொட்டகை ஜன்னலில் நின்று பார்த்த பெண் தொழிலாளர்கள் கைதட்டினார்கள். மலைக்குக் குஷி வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஃபிட்டர் மட்டும் அந்த நேரத்தில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருக்கும்.

இருபத்தொன்பது தேறிய அன்றே கம்பெனி குடியிருப்பின் சாவி வந்துவிட்டது. இன்னும் ஒரு வண்டிதானே என்று சூப்பர்வைசர் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒழுகாத கூரை. ஞாயிற்றுக்கிழமை சாமான் மாற்றினார்கள். எல்லாம் ஏறிவிட்டது, பீரோ மட்டும் கீழே நின்றது. கல்யாணத்துக்கு மலை தங்கைக்கு வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ. ஒரு யானையை மடித்து உள்ளே பூட்டி வைத்தது போன்ற கனம்.

"நாலு ஆள் வேணும் மச்சான். நாளைக்கு கொட்டகையிலேர்ந்து கூட்டிட்டு வர்றேன்."

"நாலு ஆள் எதுக்கு? நான் ஒரு ஆளே ரெண்டரை ஆளு. நீ அரை. இன்னும் ஒண்ணுதான் குறையுது, அதையும் நானே பாத்துக்கறேன்."

"அண்ணே, விளையாடாதே, இடுப்பு புடிச்சுக்கும்" என்றாள் தங்கை மேலேயிருந்து.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஃபிட்டரின் கை வழுக்கியது. பீரோ முழுக்க மலையின் மேல் சாய்ந்தது. அவர் அதைத் தாங்கி நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் "அம்மா" என்றார். பிறகு அன்று முழுவதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். தங்கை தைலம் தேய்த்தாள். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்பினார்.

"மச்சான், நாளைக்கு லீவு போட்ருங்க. வண்டிய அடுத்த வாரம் ஓட்டிக்கலாம்."

"நாளைக்குத்தான் பெரிய ஆளுங்க வர்றாங்க, முப்பதாவத பாக்க. நான் இல்லைன்னா வேற எவனாவது ஓட்டுவான். அவனுக்கு சாயத் தெரியுமா?"

தெரியாது. அது ஃபிட்டருக்கும் தெரியும். அவர் தைலப் புட்டியின் மூடியைத் திருகி வைத்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முப்பதாவது வண்டி வெளியே வந்தது. கோட்டுப் போட்டவர்கள் நிழலில் வரிசையாக நின்றார்கள். மலை சீட்டில் ஏறியபோது முகம் சுளித்ததை ஃபிட்டர் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிப் பின்னால் தொங்கவிட்டதையும் பார்த்தார். கை தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கை பாதிவரை எழும்பியும் விட்டது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அதைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள்" என்றார்.

வளைவில் மலை சாய்ந்தார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இடது சக்கரம் எழும்பியது. ஒரு சாண், இரண்டு சாண், பிறகு வண்டி முழுவதும் வலதுபக்கம் படுத்துக்கொண்டு, உரசிக்கொண்டே போய் மதிலில் முட்டி நின்றது.

வண்டியைத் தூக்க நான்கு பேர் போதுமாக இருந்தது. மலையைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் மலை, "பாத்துடா, யாருக்காவது இடுப்பு புடிச்சுக்கப் போகுது" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய உடம்பு இரண்டு பக்கமும் வழிந்தது. கட்டுப் போட்ட காலைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். தங்கை வெளியே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றாள். ஃபிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரிக்கத் தொடங்கி, தோலைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுளைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"பழத்தயாவது எனக்குக் குடு மாப்ளே. தோல நான் தின்னது கெடையாது."

"மச்சான், நான் சொல்லிடறேன். தகட்டப் பத்தி, பீரோவப் பத்தி, எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"பீரோ மேலயும் கேஸ் போடப் போறியா?" மலை சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

ஃபிட்டர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு வருடம் ஆகும், அதற்குப் பிறகும் வண்டி ஓட்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சரியாயிடும்னாரு."

"அப்பறம் என்ன? விசாரணைன்னு கூப்பிடுவாங்க. வண்டி மேல தப்புன்னா எனக்கு நஷ்டஈடு வரும், உக்காந்து பாக்கற வேலை ஏதாவது குடுப்பாங்க. அத மட்டும் சொல்லு. நான் சாஞ்சது, அது உனக்குத் தெரிஞ்சிருந்தது, அதெல்லாம் வேணாம்."

"ஒண்ணச் சொன்னா இன்னொண்ணும் வருமே மச்சான்."

மலை கயிற்றில் தொங்கிய தன் காலைப் பார்த்தார். "ஆமால்ல" என்றார்.

புதன்கிழமை காலையில் ஃபிட்டர் கிளம்பும்போது மனைவி பீரோவைத் திறந்து சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவர் அந்த பீரோவைத் தொடவில்லை. கொடியில் கிடந்ததையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு தெளிவா சொல்லுங்க. நீங்க அங்க போனா முழுங்கிருவீங்க. பதினோரு வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்லை அது ஓட்டின வண்டில."

"சொல்றேன்."

"நிமிந்து நின்னு சொல்லுங்க."

பர்சனல் ஆபீசரின் அறைக்கு வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம். உள்ளே போனதும் ஆபீசர் எழுந்தே நின்று வரவேற்றார். ஒன்பது வருடத்தில் யாரும் ஃபிட்டருக்கு எழுந்து நின்றதில்லை. தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"உக்காருங்க. வீடு வசதியா இருக்கா? தண்ணியெல்லாம் வருதா?"

"வருது சார்."

"நல்லது. ஒரு சின்ன விஷயம்தான். உங்க மச்சான் வளைவுல சாஞ்சு ஓட்டுவாரா?"

"சார், அந்தத் தகடு…"

"தகட்டுக்கு வருவோம். சாஞ்சாரா இல்லையா?"

"சாஞ்சாரு."

"பெல்ட் போட்டிருந்தாரா?"

"இல்ல சார். ஆனா அது எதுக்குன்னா…"

"எதுக்குன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்." ஆபீசர் பேனாவின் மூடியைத் திறந்தார். பக்கத்தில் இருந்த கோப்பிலிருந்து இருபத்தொன்பது தாள்களை எடுத்து, சீட்டுக்கட்டை விரிப்பது போல மேஜையில் விரித்தார். ஒவ்வொன்றிலும் 'மூன்று சக்கரமும் தரையில்'. ஒவ்வொன்றிலும் மலையின் டிக், குண்டாக, கீழே வாலை நீட்டிக்கொண்டு. "தகடு இல்லாததாலதான் கவுந்துதுன்னா, இந்த இருபத்தொம்பதும் பொய்க் கையெழுத்து. பொய்க் கையெழுத்துக்கு என்ன நடவடிக்கைன்னு உங்களுக்குத் தெரியும். யாருக்காகப் போட்டாருன்னும் நான் கேக்கணும். கேக்கட்டுமா?"

மின்விசிறி சுற்றியது. தாள்களின் ஓரங்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படுத்தன. ஃபிட்டர் ஒரு தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"இல்லைன்னா விளையாட்டா ஓட்டினாருன்னு போகும்" என்றார் ஆபீசர், குரலில் தேனைக் குழைத்து. "வேலை போகும், அது ஒண்ணும் பண்ண முடியாது. விதி மீறினதால நஷ்டஈடும் வராது. ஆனா கேஸ் கீஸ்னு போகாது. ஆஸ்பத்திரிச் செலவ மனிதாபிமானத்துல நாங்களே பாத்துக்கறோம். நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க."

ஃபிட்டர் கண்ணால் பார்த்ததை எழுதினார். 'ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை. வளைவில் உடம்பை வெளியே சாய்த்தார். எப்போதும் அப்படித்தான் ஓட்டுவார்.' மூன்று வரி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழித்துவிட்டது. ஆபீசர் இன்னொரு தாள் கொடுத்தார். அதே மூன்று வரியை அவர் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நிமிந்து நின்னு?"

"உக்காரச் சொன்னாங்க" என்றார் ஃபிட்டர்.

கவிழ்ந்தது ஓட்டியவர் தவறு என்று முடிந்ததால் முப்பதாவது வண்டியும் தேறிய கணக்கில் சேர்ந்தது. நிரந்தரம் ஆன உத்தரவு வெள்ளிக்கிழமை வந்தது. அதே வெள்ளிக்கிழமை மலைக்கும் ஒரு உத்தரவு வந்தது, ஆஸ்பத்திரி முகவரிக்கு. தங்கை அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கம்பெனியைத் திட்டினாள். கம்பெனியின் ஏழு தலைமுறையும் விக்கியிருக்கும். சாட்சி சொன்னது யார் என்று அதில் போட்டிருக்கவில்லை. அவள் திட்டும்போதெல்லாம் ஃபிட்டர் எதிரில் உட்கார்ந்து "ஆமா" என்றார்.

ஆறு வாரம் கழித்துக் கொட்டகைக்குப் புது வரைபடம் வந்தது. இடதுபக்கம், அடியில், நான்கு போல்ட். பன்னிரண்டு கிலோ. பழைய பெயரை எடுத்துவிட்டு 'சமநிலைத் தகடு' என்று போட்டிருந்தார்கள். யார் சொல்லி வந்தது என்று அதில் இல்லை. எடைக்கு ஈடாக மாற்றுச் சக்கரத்தையும் பின்சீட்டையும் எடுத்துவிட்டார்கள். தேறிய இருபத்தொன்பது வண்டிகளும் சத்தமில்லாமல் ஒரே இரவில் லாரியில் ஏறி, தகடு மாட்டக் கொட்டகைக்குத் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஃபிட்டரிடம்தான் வேலையைக் கொடுத்தார். "உங்களுக்குத்தான் அந்த இடம் நல்லா தெரியும்."

ஃபிட்டர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தகட்டை மார்பில் தாங்கி, ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். ஒரு நாளைக்கு ஆறு வண்டி. பன்னிரண்டு கிலோ முதல் வண்டியில் பன்னிரண்டாக இருக்கும். ஆறாவதற்குள் அந்த பீரோவின் கனத்துக்கு வந்துவிடும்.

ஒரு நாள் அப்படிப் படுத்திருக்கும்போது அவர் காலை யாரோ ஊன்றுகோலால் தட்டினார்கள்.

"மாப்ளே, வெளிய வா. உன் மூஞ்சி மறந்துபோச்சு."

மலை பாதியாகியிருந்தார். ஆனாலும் மற்றவர்களில் ஒன்றரை ஆள் தேறுவார். யூனிஃபார்மையும் கேட் பாஸையும் ஒப்படைக்க வந்திருந்தார். வலது காலில் இன்னும் கட்டு. இரண்டு அக்குளிலும் ஊன்றுகோல்.

ஃபிட்டர் எழுந்து கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "மச்சான், அன்னிக்கு ஆபீஸ்ல நான்…"

"மூணு வரி. படிச்சுக் காட்டினாங்க." மலை வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருந்துச்சு. ஒரு தப்பு இல்ல."

"மச்சான்."

"என் தங்கச்சிக்குத் தெரியாதுல்ல?"

ஃபிட்டர் தலையாட்டினார்.

"தெரிய வேணாம். அந்த வீட்டுல ஒழுகாம இருக்கட்டும்." அவர் நோட்டீஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தார். முழு உடம்போடு திரும்பினார். கோணல் சிரிப்போடு போட்டோ இன்னும் அங்கேயே இருந்தது. 'பதினொரு கிலோ குறைத்தவர்'. "பல்லுக்கு டாக்டரப் பாருடா" என்றார்.

அப்போது புதுச் சோதனை ஓட்டுநர் வண்டியோடு ஓடுபாதையில் இறங்கினார். ஒடிசலான ஆள், ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, முதுகு சீட்டில் ஒட்டியபடி நாற்பதில் வந்தார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு இடதுபக்க வளைவைப் பார்த்தார்கள். வண்டி திரும்பியது. மூன்று சக்கரமும் தரையை விடவே இல்லை.

"பரவால்லையே மாப்ளே" என்றார் மலை. "காலத் தூக்கல."

அவர் ஊன்றுகோல்களைச் சரிசெய்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தார். காவலாளி பையை உதறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கேட்டைத் தாண்டியதும் சாலை இடதுபக்கம் வளைந்தது. அங்கே போனதும் மலை, பழக்கத்தில், இடதுபக்கமாக உடம்பைச் சாய்த்தார். அப்படியே சாய்ந்தபடி, வலது காலைத் தரையில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தூக்கிக்கொண்டு, அந்த வளைவைத் திரும்பிப் போனார்.